காலை டிபனை விட்டால் இளைப்போமா?

போன இதழில் பால், தயிர், நெய் எதுவும் சேராத முழுத் தாவர உணவை, அதாவது வீகன் உணவைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: காலையில் சாப்பிடலாமா, வேண்டாமா? பலர் பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியாயிற்று. பாலை விடச் சொன்னதற்காகத் திட்டியவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன், இங்கே வேண்டாம்.

கேள்வி: வயது 38. சில மாதங்களாகப் பால், தயிர், முட்டை எதையும் தொடுவதில்லை. ஆரம்பத்தில் 3 கிலோ குறைந்தது, அப்புறம் அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. காலையில் கறுப்புக் காபி மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன், மதியம் 1 மணிக்குத்தான் சாப்பாடு. மாலையில் கேன்டீனில் பஜ்ஜியோ முறுக்கோ, இரவு 4 சப்பாத்தி, குருமா. "காலையில் வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு ஊதும்" என்கிறார் மாமியார். "16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்தான் கொழுப்பு கரையும்" என்கிறார் ஜிம் ட்ரெயினர். யார் சொல்வது சரி? – தாம்பரம் வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. முதலில் மாமியாரிடம் வருகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதைத்தான் நம் ஊரில் பல மருத்துவர்களும் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் சாப்பிடுகிறவர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று பல நாடுகளில் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் காலையில் நேரத்தோடு எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் பெரும்பாலும் இரவில் நேரத்தோடு படுப்பவராகவும், சிகரெட் பிடிக்காதவராகவும், தினமும் கொஞ்சம் நடப்பவராகவும் இருப்பார். ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் சாப்பாடா, நடையா, தூக்கமா என்று வெறும் கணக்கெடுப்பை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிக்கவேண்டும் என்றால் ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவைக் காலையில் சாப்பிடச் சொல்லவேண்டும், இன்னொன்றைச் சாப்பிடாதே என்று சொல்லவேண்டும்.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2014-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், எடை குறைக்க விரும்பிய 300-க்கும் மேற்பட்டவர்களை 16 வாரம் இப்படிப் பிரித்து வைத்தார்கள். சாப்பிட்டவர், சாப்பிடாதவர், காலை உணவைப் பற்றி எதுவும் சொல்லப்படாதவர் என எல்லாருக்கும் எடை மாற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. பிறகு 2019-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் இந்த மாதிரி 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளொன்றுக்கு 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். காலையில் விட்டவர்கள் மதியம் பாய்ந்து பாய்ந்து சாப்பிட்டு அதை ஈடுகட்டவில்லை. ஆக, "காலையில் விட்டால் ஊதிப்போவாய்" என்பதற்கு ஆதாரம் இல்லை.

ட்ரெயினர் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்குவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அதே தொகுப்பில் காலையில் சாப்பிடாதவர்களுக்கு எடை எவ்வளவு குறைவு தெரியுமா? 0.44 கிலோ. அரைக்கிலோகூட இல்லை! ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை, தரமும் சுமார் என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கலோரி குறைந்தும் எடை ஏன் பெரிதாகக் குறையவில்லை என்பதற்கு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஒரு துப்பு கிடைத்தது. அங்கே ஒரு குழுவைக் காலை 11 மணிக்குள் 700 கலோரி சாப்பிட வைத்தார்கள், இன்னொரு குழுவுக்கு நண்பகல் வரை தண்ணீர் மட்டும், இப்படி 6 வாரம். சாப்பிட்ட குழு நாள் முழுக்க அதிகமாக அசைந்துகொண்டே இருந்தது, அந்த அசைவில் மட்டும் 400 கலோரிக்கு மேல் கூடுதலாகச் செலவானது. பட்டினி இருந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இரு குழுவின் எடையும் ஒன்றுதான். உங்களையே கவனித்துப் பாருங்கள், கறுப்புக் காபியோடு போகிற நாளில் மாடிப்படி ஏறுகிறீர்களா, லிஃப்டா?

சரி, எடைக்கு உதவாவிட்டால் காலைச் சாப்பாடு எதற்கு? பசிக்கு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 2022-இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள், கள்ளத்தனம் செய்ய வழி குறைவு. எடை கூடுதலாக உள்ள 30 பேர். நாலு வாரம் நாளின் கலோரியில் 45 சதவீதம் காலையில், 20 சதவீதம் இரவில். அடுத்த நாலு வாரம் அதையே தலைகீழாக்கி. எடை இரண்டு முறையிலும் 3 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது, வித்தியாசமே இல்லை. "காலையில் சாப்பிட்டால் உடம்பு வேகமாக எரிக்கும்" என்கிற கதையும் அத்தோடு முடிந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட வாரங்களில் நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது என்று சொன்னார்கள். அது வீகன் உணவு இல்லை, புரதம் நிறைய வைத்த உணவு, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். உங்கள் சிக்கல் காலையில் இல்லை, மாலை 5 மணிக்கு ஆரம்பிக்கிறது. பஜ்ஜி, முறுக்கு, மிக்சர் எல்லாம், வெண்ணெயோ நெய்யோ சேர்க்காவிட்டால், வீகன்தான். ஆனால் 100 கிராம் முறுக்கு 500 கலோரியைத் தொடும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது நல்லெண்ணெயோ செக்கெண்ணெயோ. 2021-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, இறைச்சி அதிகமான கீட்டோ உணவு என்று கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். தாவர உணவு வாரங்களில் தினம் 550-இலிருந்து 700 கலோரி வரை குறைவாகச் சாப்பிட்டார்கள், பசி கூடியதாகச் சொல்லவும் இல்லை. அந்தத் தட்டில் என்ன இருந்தது? காய், பயறு, பழம், கிழங்கு. தட்டு நிறைய இருக்கும், கலோரி குறைவு. வீகன் என்கிற பெயருக்காக யாரும் இளைக்கவில்லை. நீங்கள் முதலில் 3 கிலோ குறைந்ததும் அநேகமாக நெய்யும் பால் இனிப்பும் போனதால்தான், பிறகு அந்த இடத்தை முறுக்கு பிடித்துக்கொண்டது.

அதனால் ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள்: காலை 8 மணிக்குப் பயறு சேர்ந்த டிபன் ஏதாவது, மாலை கேன்டீன் பக்கம் போகும்போது பசி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பஜ்ஜி தானாகப் பாதியானால் காலைச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவருகிறது. சாப்பிட்டும் மாலையில் அதே பஜ்ஜி, அதே முறுக்கு என்றால் காலை டிபனை வீணாகச் சேர்க்காதீர்கள், அந்த 260 கலோரி சும்மா ஏறும். காலையில் உண்மையிலேயே பசிக்காதவர்களை வற்புறுத்திச் சாப்பிட வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

கேள்வி: வயது 52, சுத்த சைவம், இப்போது பாலும் விட்டாயிற்று. காலையில் 6 இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன், 11 மணிக்கெல்லாம் வயிறு கபகபவென்று எரிகிறது. இன்னும் 2 இட்லி சேர்க்கலாமா? – கோவை வாசகர்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி, 2 இட்லியைக் குறையுங்கள். இட்லி நல்ல உணவுதான், ஆவியில் வேகிறது, எளிதில் செரிக்கும். எளிதில் செரிப்பதுதான் உங்களுக்கு வினை. நாலுக்கு ஒன்று என்று அரைத்த மாவில் பெரும்பங்கு அரிசி, 6 இட்லியில் புரதம் சுமார் 10 கிராம்தான் வரும். கூடவே ஓட்டல் பாணியில் தண்ணீராக ஓடுகிற சாம்பார், சர்க்கரை போட்ட டீ. மாவுச்சத்து சட்டென்று ரத்தத்தில் ஏறி, சட்டென்று இறங்குகிறது, 11 மணிக்கே பசி எடுக்கிறது.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளின் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குப் பருப்பு, பயறு மட்டும் 85 கிராம். அதுகூட 300 மில்லி பாலும் சேர்த்துப் போட்ட கணக்கு. பாலை விட்ட நீங்கள் பருப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றவேண்டும். நம் வீடுகளில் 4 பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்துவிட்டு "தினமும் பருப்பு சாப்பிடுகிறோம்" என்கிறோம். சமைக்காத பருப்பில் 30 கிராம் ஒருவருக்கென்று அளந்து போட்டுப் பாருங்கள், சாம்பார் கரண்டியில் நிற்கும், அதில் 6, 7 கிராம் புரதம் இருக்கும்.

ஆகவே 4 இட்லி, கெட்டிச் சாம்பார் ஒரு பெரிய கிண்ணம், முடிந்தால் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல். வாரத்தில் இரண்டு நாள் அடை. சரிக்குச் சரி அரிசியும் பருப்புகளும் போட்டு அரைத்தால் 100 கிராம் மாவுப் பொருளுக்கு 15 கிராம் புரதம் கிடைக்கும். அடைக்குத் தொட்டுக்கொள்ள வெல்லமும் வேண்டாம், அவியலில் அரைமூடித் தேங்காயும் வேண்டாம். ஆந்திரப் பக்கத்துப் பெசரட்டு இன்னும் நல்லது, முழுப் பாசிப்பயறை ஊறவைத்து அப்படியே அரைக்கிறார்கள். கம்பு, வரகு, சாமை என்று மாறிப் பார்க்கிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். மாறுங்கள், நார்ச்சத்து கூடும். ஆனால் அவையும் தானியம்தான், ராகியில் புரதம் 7 சதவீதம், கிட்டத்தட்ட அரிசி அளவு. பயறின் வேலையை அவை செய்யாது.

பயறுக்கு இன்னொரு குணம் உண்டு, இது பலருக்குத் தெரியாது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்கிற கணக்கைக் கொண்டுவந்த டொரான்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 1982-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கும் முழுக்கோதுமை ரொட்டி சாப்பிட்டவர்களுக்கும் மதியம் ஒரே சாப்பாடு. பருப்பு சாப்பிட்டவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. காலையில் சாப்பிட்டது மதியம்வரை வேலை செய்கிறது! அசைவம் சாப்பிடுகிறவர்கள் காலையில் முட்டையை நம்பலாம், நமக்குப் பயறுதான்.

கேள்வி: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்களே, தினமும் காலையில் கொள்ளுக்கஞ்சி மட்டும் குடித்தால் போதுமா? – திண்டுக்கல் வாசகி

பதில்: கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. கொள்ளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து, அதனால் வயிறு நிறைந்து அடுத்த வேளை குறையும், பழமொழி அந்த அளவில் சரி. கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பதைவிட முளைகட்டி வேகவைத்துச் சுண்டலாக மென்று தின்றால் பசி இன்னும் தள்ளிப்போகும். கொள்ளு மட்டும் என்று மாதக்கணக்கில் இருக்காதீர்கள், அலுத்துப்போய் ஒரு நாள் பூரிக்குத் தாவிவிடுவீர்கள்.

கேள்வி: "காலை உணவுதான் முக்கியமான வேளை" என்று விளம்பரத்தில் எல்லாம் வருகிறதே, அதைச் சொன்னது யார்? கார்ன்ஃப்ளேக்ஸில் பாதாம் பால் ஊற்றிச் சாப்பிடுகிறேன், கூடவே பழ ஸ்மூத்தி. இது சரியா? – பெங்களூரு வாசகர்

பதில்: அதைச் சொன்னவர்கள் உங்கள் கார்ன்ஃப்ளேக்ஸ்காரர்கள்தான்! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்று ஒரு ஊர், அங்கே ஜான் ஹார்வி கெல்லாக் என்கிற மருத்துவர் ஒரு பெரிய சானடோரியம் நடத்தினார். அவர் சைவ உணவை ஊக்குவிக்கும் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்கிற கிறிஸ்தவத் திருச்சபையில் வளர்ந்தவர், தீவிர சைவ உணவுக்காரர். நோயாளிகளுக்குப் பன்றி இறைச்சிக்குப் பதிலாகத் தானிய அவலைக் கொடுத்தார். அவருடைய தம்பி 1906-இல் அதைக் கம்பெனியாக்கினார். அந்தச் சானடோரியத்தின் பத்திரிகையில்தான் 1917-இல் காலை உணவைப் பல வகையில் நாளின் முக்கியமான வேளை என்று எழுதினார்கள். பத்திரிகைக்கு ஆசிரியர் அதே டாக்டர். சைவ ஆஸ்பத்திரியில் பிறந்த வாசகத்தைப் பிறகு சர்க்கரை போட்ட டப்பாக்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன.

அதற்காக அட்வென்டிஸ்ட்டுகளை விட்டுவிடவும் முடியாது. தாவர உணவையும் காலை உணவையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு என்றால் அது அவர்களைப் பற்றியதுதான். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தினர் அந்தத் திருச்சபையைச் சேர்ந்த 50,000-க்கும் அதிகமானவர்களைச் சராசரியாக 7 ஆண்டு பின்தொடர்ந்து 2017-இல் எழுதினார்கள். காலையில் சாப்பிட்டவர்கள், அதிலும் நாளின் பெரிய சாப்பாட்டைக் காலையில் வைத்துக்கொண்டவர்கள், வருடாவருடம் எடையில் சற்று இறங்கினார்கள். இடையிடையே கொறித்தவர்கள் ஏறினார்கள். ஆனால் இதுவும் கணக்கெடுப்புதான், தாம்பரம் வாசகிக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஒன்று மட்டும் சொல்லலாம்: காலையில் பெரிதாகச் சாப்பிட்ட அவர்களுக்கு இரவுச் சாப்பாடு சுருங்கியது, நம் நாளில் காலை டிபனும் இருக்கிறது, இரவு 10 மணிக்குப் பரோட்டாவும் இருக்கிறது.

கார்ன்ஃப்ளேக்ஸ், பாதாம் பால், ஸ்மூத்தி மூன்றும் சேர்ந்தும் புரதம் பெரிதாகத் தேறாது. கடையில் விற்கும் பாதாம் பாலில் பாதாமைவிடத் தண்ணீர்தான் அதிகம், பால் வேண்டுமென்றால் இனிப்பில்லாத சோயா பால் வாங்குங்கள். ஸ்மூத்தியை விட்டுப் பழத்தைக் கடியுங்கள். 1977-இலேயே லான்செட்டில் ஒரு சின்ன ஆய்வு வந்தது: ஆப்பிளைக் கடித்துத் தின்றவர்களுக்குத்தான் வயிறு நிறைந்தது, மசித்துச் சாப்பிட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு, சாறாகக் குடித்தவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் குறைவு.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைய, காலை டிபனை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் தலை சுற்றியது. தொடரலாமா? – திருச்சி வாசகர்

பதில்: தொடராதீர்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கிளைமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்றவை இருந்தால், அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டால், மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து, சர்க்கரை அளவு அதலபாதாளத்துக்கு இறங்கும். வண்டி ஓட்டும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு, இருந்தாலும் வேளையை மாற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாத்திரையின் அளவை மாற்றவேண்டியிருக்கும். அதுவரை பயறு சேர்ந்த காலை டிபன், நேரத்துக்கு.

கேள்வி: மகளுக்கு 13 வயது. விலங்குகள் மேல் உள்ள பிரியத்தில் வீகனாக மாறிவிட்டாள். இப்போது "குண்டாக இருக்கிறேன்" என்று காலையில் சாப்பிடாமலே பள்ளிக்குப் போகிறாள். நான் கத்தினால் அழுகிறாள். என்ன செய்ய? – விருதுநகர் வாசகி

பதில்: இதுவரை சொன்ன ஆய்வுகள் எதுவும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, எல்லாம் வளர்ந்தவர்களை வைத்துச் செய்தவை. வளர்கிற வயதில் காலையில் வெறும் வயிற்றோடு நாலு பாடவேளை உட்காரச் சொல்வது நியாயமில்லை. பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதால்தான் அரசே 2022 செப்டம்பரில் மதுரையில் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கியது.

கத்தாதீர்கள். அவள் விலங்குகளுக்காக எடுத்த முடிவையும் எடைக்காகச் சாப்பிடாமல் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுத் திட்டினால் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்வாள். முதல் முடிவுக்குத் துணை நில்லுங்கள், "சரி, வீகனாகவே இரு, ஆனால் வீகன் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் அது நடக்கும்" என்று பேசிப் பாருங்கள். ராகி தோசை, வேர்க்கடலைச் சட்னி, எள்ளுப்பொடி. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, புரதத்தில் தோற்றாலும் இதில் அது ஜெயிக்கிறது. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்றால் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு டப்பாவில், ஒரு வாழைப்பழம், முதல் இடைவேளையில் சாப்பிடட்டும். பி12 சத்து தாவரத்தில் கிடைக்காது, ஸ்பைருலினா என்கிற பாசி, பழைய சோறு என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம், குழந்தை மருத்துவரிடம் கேட்டு மாத்திரை கொடுங்கள், இரும்புச்சத்துக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டை ஒளித்துவைக்கிறாள், மாதவிடாய் நின்றுபோகிறது, தினம் பலமுறை எடை பார்க்கிறாள் என்று ஏதாவது கண்ணில் பட்டால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். வீட்டில் யாரும், பாட்டி உட்பட, அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

கேள்வி: எல்லாம் இருக்கட்டும், காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் இளைக்கும்தானே? – மதுரை வாசகர்

பதில்: இளைக்காது. வீகனுக்குத் தேன் கிடையாது என்பது ஒருபுறம் இருக்க, ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடித்துவிட்டு, எலுமிச்சையை மதியம் கீரையில் பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேரவாவது உதவும்.